மேப்பிள் கிட்டாருக்கு ஃபிரெட் மாற்றிய நாள்

நேற்று மகளின் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட் கம்பிகள் தேய்ந்து, எந்தத் தந்தியைத் தட்டினாலும் கிர்ரென்று இரைச்சல். கடைக்காரர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நெக்கையே மாத்திடலாம் மேடம். ஃபிரெட்டெல்லாம் இப்ப யாரு மாத்திக்கினு இருக்காங்க?" என்றார். நான் மாற்றிக்கொண்டிருந்தேன் ஐயா என்று நாக்கு நுனிவரை வந்தது. மகள் பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டேன். அம்மா ஆரம்பித்துவிட்டாள் என்று தெருப்பக்கம் போய்விடுவாள்.

உங்களிடம் சொல்லலாம். வேலை கிடைக்கும் வரைக்கும் என்று அண்ணனின் வாத்தியக் கடையில் உட்கார்ந்தவள் நான். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அண்ணன் பார்ப்பான். பொறுமையாகச் செய்யவேண்டியதெல்லாம் என் தலையில். வீணையில் மெழுகின்மேல் மெட்டுக் கம்பி வைப்பார்கள், பிசகினால் உருக்கித் திரும்ப வைக்கலாம். கிட்டாரில் அந்தச் சலுகை கிடையாது. மரத்தில் அறுத்த மெல்லிய பள்ளத்தில் கம்பி இறுகி உட்கார்ந்திருக்கும். பிடுங்கும்போது மரம் பெயர்ந்தால் பெயர்ந்ததுதான்.

அதிலும் மரத்துக்கு மரம் குணம் வேறு. ரோஸ்வுட் எங்கள் பெரியம்மா மாதிரி, கொஞ்சம் சூடு காட்டினால் இளகிக் கொடுத்துவிடும். கருங்காலி முன்கோபி, தொட்டால் சில்லு தெறிக்கும். மேப்பிளை நான் தொட்டதே இல்லை. அதன்மேல் ஃபிரெட்டின் ஓரம்வரை வார்னிஷ் பூசி மூடியிருப்பார்கள், அவசரப்பட்டு இழுத்தால் தோல் தோலாக உரிந்து வரும் என்று கேள்விப்பட்டதோடு சரி.

அந்த மேப்பிளோடுதான் ஒரு நாள் குமரன் வந்தான். அண்ணனின் சிநேகிதன், பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற வீடு. பகலில் தறி, கல்யாண வரவேற்புகளில் கிட்டார். கப்பலில் வாசிக்கும் குழுவுக்குச் சென்னையில் ஆள் எடுக்கிறார்களாம், அடுத்த வாரம் போய் வாசித்துக் காட்டவேண்டும். அவனிடம் இருந்தது இந்த ஒரு கிட்டார், அதிலும் ஃபிரெட்டெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

"பாத்துப் பண்ணுமா. இது போச்சுன்னா நானும் அவ்ளோதான்."

"அண்ணங்கிட்ட குடு. எனக்குப் பயமா இருக்குது."

"உங்க அண்ணன் கையில இதக் குடுத்தா ஒடச்சித்தான் தருவான்" என்று சிரித்தான்.

என் பயம் ஒன்றல்ல, இரண்டு. கெடுத்துவிட்டால் அவன் வழி அடைபடும். நன்றாகச் செய்துவிட்டால் அவன் போய்விடுவான். அவன்மேல் எனக்கு ஆசை இருந்தது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்; அண்ணிக்குத் தெரிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒவ்வொரு ஃபிரெட்டின் இரண்டு ஓரத்திலும் பிளேடால் வார்னிஷைக் கீறினேன். சூடேறிய சால்டரிங் அயர்னைக் கம்பிமேல் வைத்ததும் சர்க்கரை கருகுகிற வாசனை வந்தது. குறட்டால் நிமிண்டி நிமிண்டி முதல் கம்பியை எடுத்தேன், வார்னிஷ் அசையவில்லை. அடுத்த கம்பிக்கு மறுபடி சூடு, மறுபடி நிமிண்டல். அன்று மதியம் சாப்பிடவே மறந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

புதுக் கம்பிகளை அடித்து, முனைகளை அரம் போட்டு முடித்த அன்று குமரன் வந்து சட்டைப் பையிலிருந்து கழிவுப் பட்டிழை ஒன்றை எடுத்தான். தறியில் உட்காருமுன் நகத்தில் பிசிர் இருக்கிறதா என்று இழையை ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதே மாதிரி நெக்கின் ஓரமாக இழையை ஓட்டினான்.

"இங்க கடிக்குது, பாரு."

அந்த முனையை இன்னும் கொஞ்சம் அராவினேன். மறுபடி ஓட்டினான். இழை எங்கேயும் மாட்டவில்லை. அவன் முகம் மலர்ந்தது. எனக்கு அழுகை முட்டியது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அவன் தேறினான், கப்பல் ஏறினான். கொஞ்ச காலம் போனில் துறைமுகப் படங்கள் அனுப்பினான், பிறகு ஒரு கல்யாணப் படம். வெளிநாட்டிலேயே குடியேறி, அம்மா அப்பாவையும் தன்னோடு அழைத்துக்கொண்டான். அண்ணன் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். குமரன் வீட்டில் இப்போது வேறு குடும்பம் நெய்கிறது. அந்தப் பக்கம் போனால் தறிச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. நடுநடுவே கேட்கிற கிட்டார் மட்டும் இல்லை.

அன்றைக்கு அந்த வார்னிஷ் உரிந்து வந்திருந்தால் என்று சில சமயம் நினைப்பேன். நினைத்த உடனே என்மேலேயே எனக்குக் கோபம் வரும். ஆனாலும் நினைப்பேன்.