ஒன்றும் முளைக்காத தட்டு

பெங்களூரில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுவது என் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் சேர்ந்தேன். நான் குடியிருக்கும் மர்பி டவுனில் யாராவது கேட்டால் "சயின்ஸ்ல இருக்கேன்" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. தட்டுகளைத் தேய்த்துக் கழுவி, காகிதத்தில் சுற்றி, ஆட்டோகிளேவில் வைத்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அது பெரிய குக்கர்தான், ஆவியிலேயே கிருமிகளைக் கொன்றுவிடும். பிறகு படிக்கிற பிள்ளைகள் அந்தத் தட்டில் கடல்பாசிக் கூழை ஊற்றி, தங்களுக்கு வேண்டிய கிருமியை மட்டும் வளர்ப்பார்கள். இருப்பதைக் கொன்றுவிட்டு வேறொன்றை வளர்ப்பதற்கா இத்தனை படிப்பு என்று ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஆயுத பூஜை மட்டும் முழுக்க என் ராஜ்ஜியம். அன்றைக்குப் பேராசிரியரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நிற்பார். ஒரு வருஷம் நான் மைக்ராஸ்கோப், தராசு, ஃப்ரிட்ஜ் என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திப்பூ. தட்டுகளை வெதுவெதுப்பாக வைக்கிற பெட்டிக்குள்ளும் ஒரு கை பூ வைத்தேன். வருஷம் முழுக்க லீவே இல்லாத பெட்டி அது, பாவம்.

பூஜை முடிந்த வாரமே தட்டுகளில் பூசணம் பிடித்தது. மற்ற பிள்ளைகள் பூஜை லீவுக்கு ஊருக்குப் போயிருந்ததால், கெட்டது அத்தனையும் அங்கே இருந்த ஒரே பெண்ணுடைய தட்டுகள். பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள், மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். உனக்குக் கை சுத்தம் போதாது, அடுத்த தடவையும் கெட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவள் தொட்டியடிக்கு வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள்.

"மேடம், உங்க கை மேல தப்பில்ல. அந்தப் பெட்டிக்குள்ள பூ வெச்சது நான்தான்" என்றேன். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹௌதா, அப்படியா? பூதான் காரணம்னு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டாள்.

"பின்ன வேற இன்னா?"

"பார்த்துடலாம்."

ஐந்து தட்டுகளில் கூழ் ஊற்றினாள். ஒன்றில் சாமந்தி இதழ், ஒன்றில் குங்குமம், ஒன்றில் சந்தனம், ஒன்றில் பொரி. ஐந்தாவதில் எதையும் போடாமல் மூடினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா இன்னாத்துக்கு ஒரு தட்ட வீணாக்கறீங்க? கழுவறவளுக்குத்தான் கஷ்டம் தெரியும்."

"அதுதான்க்கா முக்கியமான தட்டு" என்றாள்.

மூன்றாம் நாள் திறந்து பார்த்தோம். நாலு தட்டிலும் பூசணம். ஒன்றும் போடாத ஐந்தாவதிலும் பச்சையாக, செழிப்பாக, அதே பூசணம்.

பூவின் மேல் தப்பில்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிஷம் விஷயம் உறைத்தது. ஒன்றுமே போடாத தட்டு கெட்டிருக்கிறது என்றால் கோளாறு அதற்கு முன்னால். அதாவது என் பக்கம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கழுவிய தட்டில் சோறு போட்டே சாப்பிடலாம்.

அன்றைக்கு ஆட்டோகிளேவைப் போட்டுவிட்டு வழக்கம்போல டீக்குப் போகவில்லை. எதிரிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மூடியோரம் புஸ் என்று ஒரு சத்தம். என் வீட்டுக் குக்கரும் கேஸ்கட் சரியாக உட்காராவிட்டால் இப்படித்தான் சீறும், பருப்பும் வேகாது. மெஷினில் அழுத்தம் காட்டும் பழைய முள்ளோ எப்போதும்போல எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருந்தது.

ஆறவிட்டுத் திறந்து ரப்பரை விரலால் தடவினேன். ஓர் இடத்தில் ஏதோ தடித்தது. காய்ந்து கல்லாகிப்போன சந்தனம், நடுவில் குங்குமம். பூஜையன்று நானே ஆசையாக வைத்த பொட்டு. அது முட்டுக்கொடுத்ததில் ஆவி வெளியே ஓடியிருக்கிறது, உள்ளே கிருமி சுகமாகப் பிழைத்திருக்கிறது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அந்தப் பொட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ரப்பரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மறுபடியும் அதேபோல ஐந்து தட்டுகளை வைத்தோம். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாவது மறுபடி கெட்டால் அவள் போய்விடுவாள்.

மூன்றாம் நாள் பேராசிரியரும் வந்து நின்றார். சாமந்தித் தட்டில் பூசணம், பொரித் தட்டில் பூசணம். ஐந்தாவதை அவள் எடுக்கவில்லை, என்னையே எடுக்கச் சொன்னாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கூழ் கண்ணாடிபோல் இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

"தப்பு மெஷின்லதான் சார். கண்டுபிடிச்சது அக்கா" என்றாள். பேராசிரியர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் தட்டுகளைத் திரும்ப ஆரம்பி" என்று அவளிடம் சொல்லிவிட்டு, "நீங்க கூட இருந்து பார்த்துக்குங்க" என்றார் என்னிடம்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வராந்தா முழுக்கக் காட்டிக்கொண்டு போனேன். கேன்டீன்காரர் கண்ணைச் சுருக்கி எட்டிப் பார்த்தார்.

"இதுல இன்னாம்மா கீது? ஒன்னுமே காணோமே."

"நல்லா பாருங்கண்ணா" என்றேன். "ஒன்னுமே இல்ல."