இறக்கி வைக்காத மதுக்குடம்

இருளாயிக்கு இடது மாரில் கட்டி வந்து, மதுரையில் ஆபரேசன் பண்ணி மாரையே எடுத்தது அம்பத்தாறாம் வருசம். திருமயத்துக்குக் கிழக்கே அவள் ஊரில், போனவள் திரும்ப மாட்டாள் என்றுதான் நினைத்தார்கள். திரும்பினாள். கட்டியும் மறுபடி வரவில்லை. கூட வந்த அசதிதான் போகவே இல்லை.

அது நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டால் வருகிற அலுப்பு இல்லை. அந்த அலுப்பு படுத்தால் போய்விடும். இது விடியும்போதே கூட எழுந்திருக்கும். ஈரச்சாக்கைப் போர்த்திவிட்ட மாதிரி மேலேயே கிடக்கும். வாசலைப் பாதி கூட்டிவிட்டு விளக்குமாறோடு உட்கார்ந்துவிடுவாள். மீதியைக் கூட்டுகிற மூத்த ஓரகத்தி பொன்னுத்தாய்க்கு வாய் சும்மா இருக்காது.

"டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாரு. இன்னும் என்னத்துக்குடி இந்த நடிப்பு?"

"நடிக்கிறதுக்கும் தெம்பு வேணும்க்கா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே, பிழைத்தால் மது எடுக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். குடத்தில் நெல்லை நிரப்பி, தென்னம்பாளையைச் செருகி, தலையில் சுமந்து கோயிலில் சேர்க்க வேண்டும். நடுவில் தரையில் இறக்கினால் அந்த வீட்டுக்கு அப்புறம் மது கிடையாது. வருசா வருசம் தள்ளிப்போட்டவள், அறுபத்திரண்டாம் வருசம் எடுத்தே தீருவேன் என்று நின்றாள்.

"வழியில இறக்கிட்டா நம்ம வீட்டுக்கே கேவலம். எங்கிட்டக் குடு, நான் எடுக்குறேன்."

"நேர்ந்தது நான்தானேக்கா. பிழைச்சதும் நான்."

கொட்டும் குலவையுமாகக் கூட்டம் கிளம்பியது. கண்மாய்க்கரை மேட்டில் ஏறும்போது இருளாயியின் கால் இரண்டும் அவளுடையதாக இல்லை. நின்றாள். பின்னால் வந்த பெண்களும் நின்றுவிட்டார்கள்.

"இறக்கிறாத! இருளாயி, இறக்கிறாத!" பொன்னுத்தாய் பதறினாள்.

இருளாயி இறக்கவில்லை. வலது கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல முழங்காலை மடக்கி, நடுப்பாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குடம் தலையிலேயே இருந்தது.

"என்னத்தா இது?" என்றார் முன்னால் போன ஊர்ப் பெரியவர் ஆண்டியப்பன்.

"இறக்கி வைக்கத்தானே கூடாது மாமா? உக்காரக் கூடாதுன்னு அம்மன் சொல்லியிருக்காளா?"

கொட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

பொன்னுத்தாய் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். உதடு வெளுத்துக் கிடந்தது. கழுத்து நரம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது. மேலே குடத்தில் ஒரு பாளைமடல்கூட அசையவில்லை. அம்மாடி, இதையா நடிப்பு என்றோம் என்று அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

"எந்திரி. கையைக் குடு."

"இடது கை வேணாம்க்கா, ஆபரேசன் பண்ணதுலேர்ந்து வீங்கிக் கெடக்கு. இடுப்பைப் பிடி."

பிடித்துத் தூக்கினாள். இருளாயி கொஞ்ச தூரம் நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். அவள் உட்காரும்போதெல்லாம் ஊரே நின்றது. கொட்டுக்கூடத் தணிந்தது. போகச்சொல்லி ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. தேரேறி வருகிற சாமியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள். விடுவிடுவென்று நடந்துபோய்ச் சேர்ந்த எந்தக் குடத்துக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம்.

கோயிலில் நெல்லைக் கொட்டிய கையோடு சுவரோரம் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். பெண்கள் அவளைச் சுற்றிக் கும்மிக்கு வட்டம் கட்டினார்கள்.

பொன்னுத்தாய் நடுவில் புகுந்து கையை வீசினாள்.

"அங்கிட்டுப் போயி அடிங்கடி. இவளுக்கு அசதி."