முந்நூற்றொன்றில் மிஞ்சியவன்

நாகப்பன் எப்போதும் மிஞ்சியவன். பந்தியில் அவன் இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்திருக்கும். சடுகுடுவுக்கு ஆள் பிரித்தால் இரண்டு கட்சிக்கும் வேண்டாதவனாக நிற்பான். மலாய் நாட்டில் ரிங்லெட் ஊருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவனுக்கு 'மீதி' என்றே பெயர். ஆனால் அந்த மீதிக்குள் எவ்வளவு பெரிய இதயம்! அது முழுவதிலும் நாகரத்தினம் குடியிருந்தாள்.

ஜப்பான்காரன் காலம். அரிசி கண்ணில் படாத அந்த நாட்களில் தோட்டத்துக்கே மரவள்ளிக்கிழங்கு அவிப்பது அவள் வேலை. ஆளுக்கு ஒரு துண்டு, மொத்தம் முந்நூற்றொன்று. நீளப் பலகையில் அடுக்கி வைப்பாள்.

"ஏழேழு ஜென்மத்துக்கும் நீதான் ரத்தினம்!" என்பான் நாகப்பன்.

"அது கெடக்கட்டும். நாளைக்குப் பெரட்டுக்கு நேரத்தோட வாய்யா!" என்பாள் அவள். காலையில் வேலைக்கு வரிசையில் நின்று பேர் கொடுக்கும் பெரட்டுக்கு அவன் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை.

ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. ஆடியில் விழுந்தது இடி!

ஜப்பானிய அதிகாரி ஒருவன் லாரியோடு பெரட்டுக்களத்துக்கு வந்தான். எல்லோரும் சமமான வரிசைகளில் நிற்க வேண்டுமாம். வரிசையில் சேராமல் மிஞ்சுகிறவன் தோட்டத்துக்கு வேண்டாத ஆளாம். அவனுக்குச் சயாம் ரயில்பாதை வேலையாம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கிரகரி இதைத் தமிழில் சொன்னார். சயாம்! போனவர்களில் யார் திரும்பினார்கள்?

இரண்டிரண்டாக நின்றார்கள். மூச்சிரைக்க ஓடிவந்த நாகப்பன் தனியே நின்றான்.

"லெபே!" என்று கத்தினான் அதிகாரி. மலாயில் மிச்சம் என்று அர்த்தம்.

"நிக்கத் தெரியாம நின்னுட்டாங்க துரை. மூணு மூணா நிறுத்திப் பார்க்கிறேன்" என்று கெஞ்சினார் கிராணி. மூன்று மூன்றாக நின்றார்கள். நாகப்பன் மிஞ்சினான். நான்கு நான்காக, ஐந்து ஐந்தாக நின்றும் நாகப்பனே மிஞ்சினான்! அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறு ஆறாக நிறுத்தினான். "லெபே!"

"டேய் மீதி, ஒன் ராசி சயாம் வரைக்கும் பேசுதுடா!" என்ற அவன் கூட்டாளி வேலப்பன் சிரித்துக்கொண்டே அழுதான்.

லாரியின் கதவு திறந்தது. நாகரத்தினம் பாய்ந்து வந்தாள்.

"கிராணி ஐயா! ஏழேழா நிக்கச் சொல்லுங்கலா!"

"ஜென்மக் கணக்கெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"ஜென்மக் கணக்கில்ல ஐயா, கெழங்குக் கணக்கு! தெனமும் ஏழேழாத்தான் அடுக்குறேன். நாப்பத்து மூணு வரிசை. ஒரு துண்டு மிஞ்சினதில்ல!"

கிராணி விரல்விட்டுப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்தன. இரண்டு முதல் ஆறு வரை எதனால் வகுத்தாலும் முந்நூற்றொன்றில் ஒன்று மிஞ்சும். ஏழிடம் மட்டும் அது முழுசாகச் சரணடைந்துவிடும்! என்ன எண் ஐயா அது! காதலைப் போலவே பிடிவாதம்!

அதிகாரி கடைசியாக ஒருமுறை தலையசைத்தான். ஜனம் ஏழேழாகச் சிதறி ஓடிச் சேர்ந்தது. அவன் களத்தை மூன்று தடவை சுற்றி லெபேயைத் தேடினான். இல்லை! சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்போல, சரி என்ற பொருளில் "யோஷி!" என்று கைதட்டிவிட்டு லாரியில் ஏறினான். வெறும் லாரி மலையிறங்கியது.

நாற்பத்து மூன்றாவது வரிசையில், நாகரத்தினத்தின் தோளை உரசியபடி, நாகப்பன் பிறந்ததிலிருந்து முதல்முறையாக எதிலோ சேர்ந்து நின்றான்.

"ஏழேழு ஜென்மத்துக்கும்..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடுய்யா. நாளைக்குச் சீக்கிரம் வா."

மறுநாள் விடியுமுன்பே பெரட்டுக்களத்தில் ஒருவன் தனியாக நின்றான். இந்தத் தடவை முதல் ஆளாக!