சோதனைக்கு ஒரு கல்யாணம்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவளுக்கு மனிதர்கள் மேல் மரியாதை மிஞ்சாது. சத்தியமாக மிஞ்சாது. மேடையில் கட்டிப்பிடித்துவிட்டு, இறங்கியதும் முகத்தைச் சுளிக்கிறவர்கள், வாய் நிறையத் திணித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து இளிக்கிறவர்கள், மூக்கை நோண்டிய கையாலேயே மாப்பிள்ளையின் கையைக் குலுக்குகிறவர்கள் என்று அத்தனை பேரையும் பெரிதாக்கி, நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்த்து, வெட்டி எறிந்துதான் அவள் பிழைக்கிறாள். ஸ்டுடியோக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கத்தரி. அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமொன்றும் இல்லை.

அவளால் வெட்ட முடியாத ஒரே ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். கொழுந்தன். பகலெல்லாம் கத்தரி வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் சாயங்காலமானால் அவன் வந்து உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டு ஆடுவான். ஆடிவிட்டுப் போகட்டும்! சிப்ஸ் தின்ற கையைத் துடைக்காமல் அல்லவா ஆடுவான். காலையில் கீபோர்டைத் தொட்டால் விரல் ஒட்டும். ஒருநாள் பொறுக்காமல் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள். உவ்வே! ஃபேன் முழுக்கத் தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. அதற்குள் தலைமுடி, சிப்ஸ் தூள், அந்தத் தூளைத் தேடி வந்து மல்லாந்து செத்த கரப்பான்கள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

துடைத்து மூடினாலும் பெட்டி தேறவில்லை. வெட்டிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுவிடும். ஒரு ஸ்டுடியோக்காரர், "உங்ககிட்ட குடுத்தா வீடியோ வர்றதுக்குள்ள அவங்களுக்குக் குழந்தையே பொறந்துரும் போல மேடம்" என்று கிண்டலடித்துவிட்டு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். இன்னொருவரும் கைநழுவினால் கத்தரி கடையைக் கட்ட வேண்டியதுதான். புதுப் பெட்டி வேண்டும். அதில் சரியான பிராசஸர் வேண்டும். தப்பானது வந்து உட்கார்ந்தால் தொழிலுக்கே முழுக்கு.

"தம்பிக்கு இதெல்லாம் அத்துப்படி. கேமுக்கும் ஆகணும், உன் வீடியோவுக்கும் ஆகணும், அப்படி ஒண்ணா பாத்து எடுத்துருவான். நீ ஏன் மண்டைய உடைச்சுக்கிற?" என்றார் கணவர்.

அத்துப்படியாம்! எவனோ யூடியூபில் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டு வந்து அப்படியே ஒப்பிப்பதற்குப் பெயர் அத்துப்படி.

மூன்று பேரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஆண்கள் இருவருக்கும் நாற்காலி போட்டார். கத்தரி ஒரு காலி அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். "இது ஆட்டத்துக்குன்னே செஞ்ச பிராசஸர் சார். இதை அடிச்சுக்க ஆளே இல்ல" என்று கடைக்காரர் கொழுந்தனிடம் அளந்தார்.

"இதுல கோர் எத்தனை?" என்று கேட்டாள் கத்தரி.

அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மேடம் ரீல்ஸ் எதும் போடுவாங்களா சார்?" என்று கணவரைக் கேட்டார். கணவரும் வெட்கமில்லாமல் சிரித்தார். சே, என்ன ஜென்மங்களோ!

கோர் என்பதை பிராசஸருக்குள் வேலை செய்யும் கைகள் என்று வைத்துக்கொள்ளலாம். விளையாட்டுக்குச் சில கைகள் வெகு வேகமாக ஓடினால் போதும். நாலு கேமரா வீடியோவை ஒரே திரையில் ஒன்றாக ஓட்டவும், கடைசியில் ஒரே படமாக்கவும் நிறையக் கைகள் வேண்டும். இரண்டுக்கும் ஆகிற பிராசஸரும் அதே கடையில் இருந்தது. விளையாட்டில் அது கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம்தான் கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"ஃபிரேம் குறைஞ்சு கேம் இழுக்கும் அண்ணி. நீங்க வெட்டி ஒட்டுறதுக்கு எது போட்டாலும் ஓடும்."

கத்தரி பையிலிருந்து வீடியோக்கள் சேமித்த டிரைவை எடுத்தாள். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை அவள் நம்ப மாட்டாள். தன்னிடம் இருப்பதிலேயே கனமான வீடியோவைக் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வழக்கம். கனமானது கொழுந்தனின் கல்யாணம். நாலு கேமரா, மேலேயிருந்து மழையாகக் கொட்டும் வண்ணக் காகிதத் துண்டுகள். எந்தப் பிராசஸரையும் முழி பிதுங்க வைக்கும்.

முதலில் ஆட்டப் பிராசஸர். காகிதங்கள் அந்தரத்தில் நின்றன, குதித்தன, மறுபடி நின்றன. மாப்பிள்ளைக் கோலத்தில் கொழுந்தன் வாயைப் பிளந்தபடி உறைந்தான். சத்தம் துண்டு துண்டாகத் தெறித்து ஒன்றும் புரியவில்லை.

"ஸ்பீக்கர் மோசம்" என்றான் அவன்.

அடுத்த மேஜையில் இரண்டாவது பிராசஸர். காகித மழை வழுவழுவென்று இறங்கியது. நாலு கட்டத்திலும் எல்லாரும் தங்குதடையில்லாமல் நடமாடினார்கள். சத்தமும் கணீரென்று வந்தது. காகித மழை முடிந்து கல்யாணப் பந்தி வந்ததும், சாப்பாட்டு மேஜை ஓரமாக வைத்திருந்த கேமராவில் பதிவான பேச்சு.

"அண்ணி என்னண்ணே, எப்பப் பாரு அந்தப் பெட்டியவே கட்டிக்கிட்டு அழுவுறாங்க?" கொழுந்தனின் குரல், எதையோ மென்றுகொண்டே.

"வேலையாம்டா வேலை! நானும் தலையாட்டி வைக்கிறேன்." இது கணவரின் குரல். "அது எப்படியும் படுத்துரும். புதுசு வாங்குறப்ப உனக்குப் பிடிச்சதா எடுத்துக்கோ. அவளுக்கு என்ன தெரியப்போவுது?"

பிறகு இருவரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே சப்பென்று விரல் சூப்பும் சத்தம்கூடக் கேட்டது.

எடிட் செய்த அன்றே ஹெட்ஃபோனில் இதைக் கேட்டவள்தான் கத்தரி. அந்தச் சத்தத்தை அணைத்து, மேலே ஒரு காதல் பாட்டைப் போட்டு மூடினாள். "கலக்கிட்டீங்க அண்ணி" என்று பாராட்டும் வாங்கினாள். வீட்டில் எப்போதும் அந்தச் சத்தம் அணைத்தே கிடந்ததால், டிரைவில் இருக்கும் வெட்டாத ஃபைலில் அது உயிரோடு இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கை ஸ்பீக்கர் பக்கம் நீண்டது. பாதியில் அதை இழுத்துக்கொண்டாள். நான் எதற்கு அணைக்க வேண்டும்? கேட்கட்டும்!

முழுக்க ஓடி முடிந்தது. கடைக்காரர் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார். கணவரும் கொழுந்தனும் திரையைத் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை. தூ என்று துப்பத்தான் நாக்கு துடித்தது அவளுக்கு. கடைத் தரை சுத்தமாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

"ஒரு வார்த்தைகூட விட்டுப்போகல. இதையே போட்டுக் குடுங்க" என்றாள்.

"சரிங்க மேடம்." கடைக்காரர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

படியிறங்கும்போது கொழுந்தன் முன்னால் ஓடிவிட்டான். கணவர் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்தார். "ஏதோ விளையாட்டா பேசினது. அதை அழிச்சிரேன்."

"அழிக்க முடியாதுங்க" என்றாள் கத்தரி. "அடுத்த பெட்டி வாங்கும்போது டெஸ்ட் பண்ண வேணும்ல?"