பிள்ளைகளுக்கு இரண்டு பழம்

கொல்லிமலையிலிருந்து இறங்குகிறோம். பாதி வளைவுகளிலேயே தலை சுற்றுகிறது என்று மனைவி சுமதி காரை நிறுத்தச் சொல்கிறாள். நான்கு நாட்களில் ஆறு வீடுகள், சொந்தமும் நட்பும். எல்லா வீட்டிலும் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வி. பதினொரு வருடமாக அதே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது.

ரோட்டோரம் மலைவாழைப்பழம் விற்கும் ஒரு அம்மா சுமதியை நிழலில் உட்கார வைக்கிறார்.

"உனக்கு எத்தன பசங்க, கண்ணு?"

"ரெண்டு பேர். பள்ளிக்கூடம் இருக்குன்னு வீட்லயே விட்டுட்டு வந்துட்டோம்." சுமதி தயங்கவே இல்லை.

நாங்கள் வாங்கிய சீப்போடு அவர் இன்னும் இரண்டு பழங்களை வைக்கிறார். "இது அவுங்களுக்கு, சாமி."

காரில் அந்த இரண்டும் சுமதியின் மடியில் இருக்கின்றன. மூன்று வளைவுகள் கடக்கின்றன. நான்காவதில் கேட்கிறேன்:

"பெரியவளுக்கு என்ன பேர் வெச்சிருக்கே?"