பேச்சியக்கா பாலை நிறுத்திய திங்கட்கிழமை

திங்கட்கிழமை முதல் பால் வேண்டாம் என்று பேச்சியக்கா பால்காரரிடம் சொல்லிவிட்டார். ஞாயிறு காலையிலேயே செய்தி எங்கள் சாலை பஜார் சந்து முழுக்கப் பரவிவிட்டது. பால் இல்லையென்றால் காப்பிக்கடையும் இல்லை.

பேச்சியக்காவுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பதினைந்து வருடமாக இரண்டு இரும்புக் கடைகளுக்கு நடுவே, ஒரு கதவு அகலத்தில் நின்று காப்பி போடுகிறார். இன்ன மாதிரி வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆள் சந்து முனையில் திரும்பும்போதே முகத்தைப் பார்த்துப் போட ஆரம்பித்துவிடுவார். ப்ளஸ் டூ முடித்து பெயிண்ட் கடையில் சேர்ந்த முதல் நாள், நான் அழுதுவிட்டுப் போய் நின்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அரை டம்ளர் கூடுதலாக ஊற்றினார்.

ஆறு மாதம் முன்பு, ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய காப்பிக்கடை ஒன்று மெயின் ரோட்டில் திறந்தது. ஏசி, சோபா, போன் சார்ஜ் போட வசதி. எல்லோரும் போனோம். நானும் மூன்று தடவை போனேன். தினம் ஒன்பது லிட்டர் பால் ஓடிய அக்காவின் கடையில் ஐந்து லிட்டர்தான் ஓடியது. அது எங்களால் நடந்ததுதான்.

பிறகு அந்தப் பெரிய கடையே அக்காவை வேலைக்குக் கூப்பிட்டது. மாதச் சம்பளம், பி.எஃப்., வாரம் ஒரு நாள் லீவு. திங்கட்கிழமை வேலை செய்து காட்ட வேண்டும். பிடித்தால் அன்றே எடுத்துக்கொள்வார்கள்.

"முட்டு வீங்கிக் கெடக்கு சார். இன்னும் எத்தன நாளு நிக்கது?" என்றார் அக்கா.

அரிசிக் கடைக் கணக்குப்பிள்ளை கோமதிநாயகம் சார் தலையைச் சொறிந்தார். "போவாதன்னு சொல்ல எங்களுக்கு என்னம்மா யோக்கியத இருக்கு?"

ஆனாலும் திங்கள் காலை பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் அங்கே போய் வரிசையில் நின்றோம். நான், சார், மூட்டை இறக்கிவிட்டு நேராக வந்த சுமைத்தொழிலாளி சுதீஷ் அண்ணன். அக்கா தலையில் தொப்பி.

"சேச்சி, தொப்பி கொள்ளாம், நல்லாருக்கு. டிராபிக் போலீசு தன்னே," என்று மலையாளத்தில் கிண்டலடித்தார் சுதீஷ் அண்ணன்.

"சிரிச்சேன்னா சூடா மூஞ்சில ஊத்திருவேன்."

முதல் எட்டுக் காப்பியையும் அக்கா இம்மி பிசகாமல் போட்டார். மேற்பார்வை பார்த்த ரெனி என்ற பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "சேச்சி சூப்பர் ஸ்பீடு," என்றாள். அவ்வளவுதான், அக்கா போய்விட்டார் என்று நினைத்தேன்.

ஒன்பதாவது சுதீஷ் அண்ணனுடையது. அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கை தானாகப் போய்ப் பாலைக் கூட்டியது, இரண்டு பாக்கெட் சர்க்கரையைப் பிரித்துக் கொட்டியது. இரண்டு காகிதக் கோப்பைகளை வைத்து ஆற்றவும் தொடங்கிவிட்டார்.

"சேச்சி, ரெசிப்பிய மாத்தக்கூடாது கேட்டோ. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்," என்றாள் ரெனி.

"இவன் காலைலேர்ந்து ஒண்ணும் திங்கலம்மா."

"அது எப்படித் தெரியும்?"

"மொகத்தப் பாரு."

ரெனி பார்த்தாள். பிறகு கூரையிலிருந்த கேமராவையும் பார்த்தாள். "நான் என்ன செய்ய சேச்சி? அதக் கொட்டிட்டு வேற போடுங்க," என்றாள் மெதுவாக.

அக்கா கோப்பையைத் தொட்டிக்கு மேலே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. பிறகு திரும்பி அதைச் சுதீஷ் அண்ணனிடம் கொடுத்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ நல்ல பிள்ளதான். எனக்குத்தான் இது வராது."

முட்டுவலிக்காரி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. நாங்கள் பின்னால் ஓடினோம். ஷட்டரைத் தூக்கி, அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தை எடுத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"ஐயோ, பாலு இல்லயே."

சாலை பஜாரில் கயிறு கிடைக்கும், ஆணி கிடைக்கும், லாரி லாரியாக அரிசி கிடைக்கும். பதினோரு மணிக்குப் பால் கிடைப்பதுதான் கஷ்டம். ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். கோமதிநாயகம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்து ஜவுளிக்கடைப் பெண்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான் இரண்டு நீல பாக்கெட் கொண்டுவந்தேன். சுதீஷ் அண்ணன் பச்சை. சார் மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்றை நீட்டினார்.

"சார், இது தயிரு," என்றார் அக்கா.

கிடைத்த பாலையெல்லாம் ஒன்றாகக் காய்ச்சியதில் காப்பிக்கு ஒரு விசித்திர வாசனை. யாரும் போகவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வாங்கிக் குடித்தார்கள். சார் திரும்பப் போய், தன் கடையிலிருந்து உயரமான ஸ்டூல் ஒன்றைச் சுமந்துவந்து அக்காவுக்குப் பின்னால் போட்டார். அக்கா உட்கார்ந்தபடியே ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"சீ, இதெல்லாம் ஒரு காப்பியா. நாளைக்கு வாங்க."

உடனே போனை எடுத்துப் பால்காரரைக் கூப்பிட்டார். ஐந்து லிட்டர் சொல்வார் என்று நினைத்தேன். "ஒம்பது," என்றார், எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே.