கோழிக் கூண்டில் எத்தனை வோல்ட்?

பிளஸ் டூ இயற்பியல் வாத்தியார் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு மார்க்தான் போகும், உயிரா போகப்போகிறது என்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அசையாத முள்

நாமக்கல் பக்கத்தில் எங்கள் பள்ளி. மின்தூண்டல் பாடத்துக்குச் செய்துகாட்டல் வைத்தேன். பேட்டரியோடு இணைத்த ஒரு கம்பி, அதன் பக்கத்தில் ஒரு கம்பி வளையம், வளையத்தில் கால்வனோமீட்டர். கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, முள் அசையவில்லை. மாறாத மின்சாரத்துக்கு அசையாது, சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும்தான் துள்ளும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"சார், முள்ளும் நம்மளாட்டவே தூங்குதுங்க."

மணி அடித்துவிட்டது

ஒருவழியாக முள்ளைத் துள்ளவைத்தேன். வீட்டுக்கு வரும் மின்சாரம் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பது, அதனால் பக்கத்து வளையத்தில் எப்போதும் மின்னழுத்தம் தூண்டப்படும் என்றேன். எவ்வளவு என்று கணக்குப் போடுவதற்குள் மணி அடித்தது. கீர்த்தனா எழுந்தாள். அவள் வீட்டில் கோழிப்பண்ணை.

"மோட்டார் வயர் பக்கத்துல இருக்கற கோழிக் கூண்டுலயும் வருங்களா சார்?" என்றாள். "வரும்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

"அப்ப சரிங்க சார், எங்கம்மாகிட்ட சொல்லிர்றேன்."

சரியான விடை

மறுநாள், அளவு தெரிந்த ஓர் இடத்தை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள் என்றேன். கீர்த்தனா தங்கள் கூண்டு வரிசையையே எடுத்துக்கொண்டாள். முப்பது மீட்டர் நீளம், பக்கத்தில் தீவன அரவை மோட்டாருக்குப் போகும் வயர். விடை 0.02 வோல்ட். சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்திருப்பாள் என்று மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அவள் முகம் மட்டும் சரியில்லை.

"அம்மாவுக்குக் கூண்டைத் தொட்டா சுருக்குனு பிடிக்குதுங்க சார். நீங்க சொன்னீங்கன்னு, அது இண்டக்சன்மா, ஒண்ணும் பண்ணாதுன்னு நேத்துச் சொல்லிப்போட்டேன். இந்த 0.02 வோல்ட் பிடிக்குங்களா?"

முட்டை எடுக்கும் நேரம்

பிடிக்காது. கையில் தெரியவே தெரியாது. அப்படியென்றால் கூண்டில் இருப்பது தூண்டல் இல்லை, நிஜமான மின்கசிவு. ஒரு மாணவி கணக்கைச் சரியாகப் போட்டதற்காக நான் ஆபீஸுக்கு ஓடியது அன்றுதான். அவள் வீட்டுக்குப் போன் போட்டேன். அவள் அம்மா முட்டை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பாப்பா ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுச்சுங்களே?" என்றார். "நான்தான் அரைகுறையாகச் சொன்னேன், தப்பு என்மேல். மெயினை ஆஃப் பண்ணுங்கம்மா, கூண்டைத் தொடாதீங்க" என்றேன்.

வயர்மேன் வந்து பார்த்ததில், எலி கடித்த வயர் கூண்டுக் கம்பியை உரசிக்கொண்டிருந்தது. மழை பெய்து தரை ஈரமாகியிருந்தால் சுருக்கென்று பிடிப்பதோடு விட்டிருக்காது என்றாராம். சாயங்காலம் நேரில் போனேன். அந்த அம்மா கூடை நிறைய முட்டையோடு சிரித்தபடி வந்தார்.

"ஏனுங்க சார், இனிமேல் பாதிப் பாடம் நடத்தற அன்னிக்கு ஒரு போன் போட்டுருங்க, நாங்க மெயினை ஆஃப் பண்ணி வெச்சுக்கறோம்."

இப்போதெல்லாம் கணக்கை முடிக்காமல் நான் வகுப்பை விட்டு வருவதில்லை; அடுத்த பீரியடுக்கு வரும் வேதியியல் வாத்தியார்தான், பாவம், வாசலில் நின்றே பாதி இயற்பியல் படித்துவிட்டார்.